பெட்டியோடு சேர்ந்து போகும் கடன்: லினக்ஸ் கெர்னலை விற்பவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமைக் காலை, சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மின்தூக்கிகளைத் தொலைவிலிருந்தே கண்காணிக்க உதவும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை அப்போது நாங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். அதை வாங்கிய ஒருவர்தான் எழுதியிருந்தார். "உங்கள் பெட்டியில் லினக்ஸ் ஓடுகிறது. அதன் மூலநிரலை அனுப்பிவையுங்கள்." அவ்வளவுதான். கோபமும் இல்லை, மிரட்டலும் இல்லை.

மூலநிரல் என்றால் மனிதர் எழுதிப் படிக்கும் வடிவில் உள்ள நிரல். எங்களுக்கு அந்தக் கோரிக்கை ஒரு பொருட்டாகவே படவில்லை. லினக்ஸ்தான் ஊருக்கே திறந்து கிடக்கிறதே! அதே பதிப்பு எண்ணை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் திட்டத்தின் இணையத்தளத்தில் தேடிப் பதிவிறக்கி, அப்படியே அனுப்பிவிட்டு, கீழே கோப்பிக்கடைக்குப் போய்விட்டோம். மாலைக்குள் பதில் வந்துவிட்டது. "நன்றி. ஆனால் என் பெட்டியில் இருப்பது இது அல்ல." கீழே ஒரே ஒரு வரியை ஒட்டியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிடம் "நீ யார்" என்று கேட்டால் அது சொல்லும் வரி அது. பதிப்பு எண், அதையடுத்துப் புரியாத எழுத்துக் கோவை, அதன் வாலில் ‘டர்ட்டி’ என்று ஒரு சொல்.

அழுக்கு என்று அதற்குப் பொருள். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது, அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போது, நிரலில் யாராவது கைவைத்து, அந்த மாற்றத்தை மாற்றங்களைக் குறித்துவைக்கும் ‘கிட்’ களஞ்சியத்தில் பதியாமல் விட்டிருந்தால், கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட் இந்தச் சொல்லைத் தானாகவே சேர்த்துவிடும். அதே வரியில் கம்பைல் செய்தவரின் பயனர் பெயரும் அவருடைய கணினியின் பெயரும்கூட இருந்தன. அவர் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவருடைய மடிக்கணினியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று. ஆக, நாங்கள் விற்றுக்கொண்டிருந்த பொருளின் மூலநிரல் எங்களிடமே இல்லை என்பதை ஒரு வாடிக்கையாளர் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

உரிம இணக்கம் என்றதும் பலர் வழக்கறிஞர்களின் வேலை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டப் பகுதி சிறியது. அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். மீதியெல்லாம் எதை எங்கே எடுத்துவைத்தோம் என்ற வீட்டுக் கணக்குதான். நாங்கள் தடுக்கி விழுந்ததும் அங்கேதான். இருந்தாலும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, நினைவகத்தையும் கோப்புகளையும் வலையமைப்பையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல்தான் கெர்னல். ஆண்ட்ராய்டு கைப்பேசி, வீட்டு ரவுட்டர், கண்காணிப்புக் கேமரா, கடைவாசல் விளம்பரத் திரை எனப் பலவற்றுக்குள்ளும் இருப்பது லினக்ஸ் கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை முதலில் வெளியிட்டபோது, இதை வைத்துக் காசு வாங்கக் கூடாது என்று தாமே ஒரு நிபந்தனை எழுதியிருந்தார். 1992-இல் அதைக் கைவிட்டு, ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்புக்கு மாறினார். நம்மால் லினக்ஸ் பெட்டிகளை விற்றுப் பிழைக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணமே அந்த உரிமம்தான். அதைத் தொழிலுக்கு எதிரி என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

உரிமம் ஏன் தேவைப்படுகிறது? நிரல் எழுதுவதும் ஒரு படைப்பு. எழுதியவரின் அனுமதியில்லாமல் அதைப் படியெடுத்து விநியோகித்தால் பதிப்புரிமை மீறல். சிங்கப்பூரில் இதைச் சொல்வது 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. எழுதியவர் பின்லாந்துக்காரர், நமக்கென்ன என்று சொல்லவும் வழியில்லை. பெர்ன் உடன்படிக்கையில் சிங்கப்பூரும் இருப்பதால் வெளிநாட்டாரின் படைப்புக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஜி.பி.எல். கொடுப்பது அந்த அனுமதியை. அனுமதி நிபந்தனையோடு வருகிறது. நிபந்தனையை மீறினால் அனுமதி போய்விடும். அனுமதி இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் படியெடுப்பு.

அந்த நிபந்தனை என்ன? இங்கேதான் புதிதாக வருபவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "நாம் செய்த மாற்றங்களை லினக்ஸ் குழுவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதானே?" என்று கேட்பார்கள். இல்லை. கல்யாண வீட்டு மொய்யை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுதியவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்வோம். கடன் கொடுத்தவருக்கே திரும்பிப் போகும். ஜி.பி.எல். கடன் அப்படித் திரும்பிப் போவதில்லை, முன்னோக்கிப் போகிறது. டோர்வால்ட்ஸுக்கு நாம் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. நம்மிடமிருந்து பெட்டியை வாங்கியவர் கையில்தான் மூலநிரல் சேர வேண்டும். நமக்குக் கிடைத்த அதே சுதந்திரம் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஆகவே எல்லாம் தொடங்கும் இடம் விநியோகம். கெர்னலை எடுத்து, தலைகீழாக மாற்றி, உங்கள் அலுவலக சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டாம். அந்த சர்வரை இணையம் வழியாக ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும் கெர்னலின் படி உங்களிடம்தானே இருக்கிறது. ஒரு பெட்டி வெளியே போகட்டும், அன்றைக்குக் கடமை பிறக்கிறது. விற்றாலும் சரி, வாடகைக்கு விட்டு வாடிக்கையாளர் கையில் ஒப்படைத்தாலும் சரி, கண்காட்சியில் இலவசமாகக் கொடுத்தாலும் சரி. மெய்நிகர் கணினிக்கான படிமத்தைக் கொடுத்தால் அதற்குள் கெர்னலும் போகிறது. செயலியையும் அதற்கு வேண்டியதையும் ஒரே கட்டாக அடைத்த கண்டெய்னர் படிமத்தில் பொதுவாகக் கெர்னல் இருப்பதில்லை. அது ஓடும் இடத்தின் கெர்னலையே பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் அதற்குள் இருக்கும் மற்ற மென்பொருள்களுக்கு அவற்றின் உரிமங்கள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பலர் கோட்டைவிடும் இன்னொன்று மென்பொருள் புதுப்பிப்பு. பெட்டியை ஒரு முறைதான் விற்றோம். ஆனால் அதற்கு ஆண்டுக்கு நான்கு முறை இணையம் வழியாகப் புதிய ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள், அனுப்பினோம். ஒவ்வொன்றும் தனி விநியோகம். முதல் பதிப்பின் மூலநிரலை மட்டும் பத்திரமாக வைத்திருந்து பயனில்லை.

சரி, எப்படிக் கொடுப்பது? ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் மூன்றாம் பிரிவு வழிகளைச் சொல்கிறது. பெட்டியோடு மூலநிரலையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். அல்லது "கேட்டால் தருகிறோம்" என்று எழுத்து மூலம் உறுதி கொடுக்கலாம். அந்த உறுதி குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்ல வேண்டும். பெட்டியை வாங்கியவர் மட்டுமல்லாமல் எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அனுப்பும் செலவுக்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. ஃபர்ம்வேரைப் பதிவிறக்கத்துக்கு வைத்திருந்தால் அதே இடத்தில் மூலநிரலையும் வைத்துவிட்டால் போதும். இவை தவிர உரிமத்தின் முழு வாசகமும் பெட்டியோடு போக வேண்டும், நிரலில் உள்ள பதிப்புரிமைக் குறிப்புகளை அழிக்கக் கூடாது, நாம் மாற்றிய கோப்புகளில் மாற்றினோம் என்றும் எப்போது மாற்றினோம் என்றும் குறிக்க வேண்டும்.

எழுத்து உறுதியைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள், மலிவாகத் தெரிவதால். எனக்கு அது பிடிப்பதில்லை. மூன்று ஆண்டு என்பது கடைசிப் பெட்டி கைமாறும் நாளிலிருந்து ஓடுவது. 2025 டிசம்பரில் கடைசிப் பெட்டியை விற்றால் 2028 டிசம்பர் வரை யாராவது அந்த மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் நிறுவனத்தில் எத்தனை பேர் மாறியிருப்பார்கள்! பெட்டி வெளியாகும் அன்றே மூலநிரலையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் தலைவலி அன்றோடு முடிந்தது.

இப்போது சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கல். நாம் ஆதியிலிருந்தே சரக்கு வந்து இறங்கி, மறுபடியும் கப்பலேறும் ஊர். மின்னணுப் பொருளிலும் அதே கதைதான். ஷென்சென்னிலிருந்து பெயரில்லாத கேமராவோ ரவுட்டரோ மொத்தமாக வரும். இங்கே நம் பெயரை ஒட்டுவோம். ஜொகூருக்கோ ஜகார்த்தாவுக்கோ போகும். சிம் லிம் டவரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நான் ஒரு வரிகூட நிரல் எழுதவில்லை. ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டினேன். எனக்கு என்ன பொறுப்பு?" விநியோகிப்பவருக்குத்தான் பொறுப்பு என்றேன். நிரல் எழுதினாரா இல்லையா என்று உரிமம் கேட்பதில்லை. உற்பத்தியாளர் கொடுத்த எழுத்து உறுதியை நகலெடுத்து வாடிக்கையாளருக்கு நீட்டவும் முடியாது. அந்தச் சலுகை வணிக நோக்கமில்லாமல் விநியோகிப்பவர்களுக்கு மட்டும்தான். பெட்டிமேல் சைபர் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதே என்றார். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் தொடங்கிய அந்த முத்திரைத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது பார்ப்பது பாதுகாப்பை, உரிமத்தை அல்ல.

இதில் நம்மைவிடப் பெரியவர்களும் மாட்டியிருக்கிறார்கள். 2003-இல் லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதையும், மூலநிரல் வெளியிடப்படாததையும் சிலர் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டுதான் சிஸ்கோ சுமார் 50 கோடி அமெரிக்க டாலருக்கு லிங்சிஸை வாங்கியிருந்தது. சிப் பிராட்காமுடையது, கையில் கிடைத்த நிரலோ ஏற்கெனவே சிலர் கைமாறி வந்தது. ஆனாலும் கேள்வி வந்து நின்றது பெட்டிமேல் பெயர் போட்டவரிடம். கடைசியில் மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்து முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்னும் ரவுட்டர் இயங்குதளம். வேடிக்கை என்னவென்றால், விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற காரணத்துக்காகவே அந்த ரவுட்டரைப் பல ஆண்டுகள் மக்கள் தேடித்தேடி வாங்கினார்கள்.

அதனால் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: உற்பத்தியாளரிடம் மூலநிரலைக் கேட்பதற்கு ஒரே ஒரு காலம்தான் உண்டு, பணம் கட்டுவதற்கு முந்தைய காலம். கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால், அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்பார்கள். அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

இனி, மூலநிரல் என்றால் எது? எங்கள் ஜெர்மானிய வாடிக்கையாளரின் புகார் இதைப் பற்றியதுதான். கெர்னல் தளத்திலிருந்து எடுத்த பொதுவான படி போதாது. அந்தப் பெட்டியில் ஓடும் அதே பைனரியை, அதாவது கம்பைல் செய்து வந்த கோப்பை, திரும்ப உருவாக்கத் தேவையான நிரல் முழுவதும் வேண்டும். சிப் விற்றவர் சேர்த்த மாற்றங்கள், நாம் ஒட்டிய பேட்ச்கள் எனும் திருத்தங்கள், எந்த வசதி உள்ளே எது வெளியே என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு, பலகையில் எந்தக் காலில் எது இணைந்திருக்கிறது என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பு, கம்பைல் செய்யவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்ட்கள் எல்லாமே இதில் அடக்கம். கம்பைலரைப் பொதுவாகச் சேர்த்துத் தர வேண்டியதில்லை. எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதிவைத்தால் வாங்குபவர் வாழ்த்துவார்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது கான்ஃபிக் கோப்புதான். கெர்னலில் ஒரு வசதி உண்டு: தன்னுடைய கான்ஃபிக்கைத் தனக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துக் காட்டும். போன ஊழியர் அதை இயக்கிவிட்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பழைய மின்னஞ்சல்களில் இருந்த பேட்ச்களைத் தோண்டியெடுத்து, மூன்று வாரம் மல்லுக்கட்டினோம். கடைசியாக அகப்பட்ட மாற்றம் ஒரே ஒரு வரி: பெட்டி உறைந்துபோனால் அதை மறுபடி தொடக்கிவைக்கும் வாட்ச்டாக் டைமரின் காத்திருப்பு நேரத்தை மாற்றியிருந்தார். மூன்று வாரச் சம்பளம், ஒரு வரிக்காக.

வன்பொருளை இயக்க உதவும் டிரைவர் நிரல்களை எழுதும் நிறுவனங்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி: "எங்கள் தொழில் ரகசியத்தையும் திறந்து காட்ட வேண்டுமா?" அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கெர்னலோடு வரும் உரிமக் கோப்புகளிலேயே டோர்வால்ட்ஸ் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: வழக்கமான சிஸ்டம் கால்கள் மூலம் கெர்னலின் சேவையைப் பெறும் செயலிகள் கெர்னலின் வழித்தோன்றல்கள் ஆகா. ஆகவே உங்கள் செயலி கெர்னலுக்கு வெளியே, பயனர் தளத்தில் ஓடினால் கெர்னலின் உரிமம் அதைத் தொடாது. அதே நிரலைக் கெர்னல் மாட்யூலாக எழுதி உள்ளே செருகினால் நிலைமை வேறு. மூடிய மாட்யூல்கள் செல்லுமா செல்லாதா என்ற வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கெர்னல் தன் பங்குக்குச் சில வேலிகளைப் போட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமம் என்னவென்று அறிவிக்க வேண்டும். ஜி.பி.எல். இல்லையென்றால் சில செயற்கூறுகளை அது தொடவே முடியாது; கெர்னலும் தன்மேல் ‘டெய்ன்டட்’, அதாவது கறைபட்டது, என்று முத்திரை குத்திக்கொள்ளும்.

இந்த வேலியை ஏமாற்ற 2004-இல் ஒரு மோடம் டிரைவர் நிறுவனம் செய்த வேலை ரசிக்கத்தக்கது. உரிம அறிவிப்பில் ஜி.பி.எல். என்று எழுதி, அதை ஒட்டி ஒரு வெற்று எழுத்தை வைத்து, அதற்குப் பின்னால் "குறிப்பிட்ட கோப்புறையில் உள்ள கோப்புகளுக்கு மட்டும்" என்று தொடர்ந்தது. சி மொழியில் வெற்று எழுத்து வந்தால் சொற்றொடர் அங்கேயே முடிந்துவிடும். கெர்னல் ஜி.பி.எல். என்று மட்டும் படித்துக் கதவைத் திறந்தது. மனிதர்கள் மீதியையும் படித்தார்கள். பிறகு நடந்த அமளியைச் சொல்ல வேண்டியதில்லை.

ரகசியமான கணக்கீட்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், கெர்னலுக்குள் போவது மெல்லிய, திறந்த டிரைவராக இருக்கட்டும் என்பதுதான் என் ஆலோசனை. நம் ஊர் நிறுவனமே இதற்கு முன்மாதிரி. ஜூரோங் ஈஸ்ட்டில் தலைமையகம் வைத்திருக்கும் கிரியேட்டிவ் டெக்னாலஜி, தன் எக்ஸ்-ஃபை ஒலி அட்டைகளுக்கான டிரைவரை 2008-இல் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் கீழ் வெளியிட்டது. அது கெர்னலில் சேர்ந்து இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கோப்புகளின் தலையில் கிரியேட்டிவின் பெயரைப் பார்த்தபோது, தேக்காவில் தெரிந்த முகத்தைக் கண்டது போல் இருந்தது எனக்கு.

அந்தப் பெயர் இன்னொன்றையும் காட்டுகிறது. கெர்னலின் பதிப்புரிமை எந்த ஒருவரிடமும் இல்லை. எழுதிய ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு நிறுவனத்திடமும் துண்டுதுண்டாக இருக்கிறது. அதனால் யாரிடமாவது பணம் கொடுத்து வேறு உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி இங்கே அடைபட்டிருக்கிறது. ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு 2007-இல் வந்தபோதும் கெர்னல் அதற்கு மாறவில்லை. இரண்டாம் பதிப்பு மட்டுமே என்பதில் நிற்கிறது. எந்தக் கோப்புக்கு எந்த உரிமம் என்று தேட வேண்டியதில்லை. 2017-இல் தொடங்கி, கோப்புகளின் முதல் வரியிலேயே எஸ்.பி.டி.எக்ஸ். என்ற அடையாளக் குறிப்பைச் சேர்த்திருக்கிறார்கள்.

கெர்னல் லினக்ஸாக இல்லாமல் ஃப்ரீபி.எஸ்.டி. என்றால் வேலை மிகக் குறைவு: பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் ஆவணத்தில் சேர்த்தால் போதும், மூலநிரல் கொடுக்கக் கட்டாயமில்லை.

தவறிவிட்டால் என்ன ஆகும்? இரண்டாம் பதிப்பின் நான்காம் பிரிவு கடுமையானது: மீறினால் உரிமம் தானாகவே ரத்து. நல்லவேளையாக 2017 அக்டோபரில் கெர்னல் உருவாக்குநர்கள் பலர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் முறையாக அறிவிப்பு பெற்றவர் 30 நாள்களுக்குள் சரிசெய்துவிட்டால் அவருடைய உரிமம் மீண்டுவிடும். மீறலை நிறுத்திய பிறகு 60 நாள் வரை யாரும் புகார் சொல்லாவிட்டாலும் அப்படியே. மூன்றாம் பதிப்பில் இருந்த சலுகையைத்தான் கடன் வாங்கிச் சேர்த்தார்கள். நீதிமன்றப் படியேறிய வழக்குகளும் உண்டு. 2004-இலேயே மியூனிக் நீதிமன்றம் கெர்னல் உருவாக்குநர் ஹரால்ட் வெல்டேயின் மனுவின் பேரில் ஒரு ரவுட்டர் நிறுவனத்துக்குத் தடை விதித்தது. ஆனால் பெரும்பாலும் முதலில் வருவது, எங்களுக்கு வந்ததைப் போல, ஒரு மரியாதையான மின்னஞ்சல்தான். அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய தவறு.

அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். ‘டர்ட்டி’ என்ற சொல் இருக்கும் எந்த ஃபர்ம்வேரும் வெளியே போகாது. பில்ட் சர்வரே அதைத் தடுத்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் நிரல் முழுவதையும் அன்றைக்கே கட்டி, ஃபர்ம்வேரின் பதிப்பு எண்ணையே பெயராக வைத்து, பதிவிறக்கப் பக்கத்தில் ஏற்றிவிடுவோம். அதற்கு முன் ஒரு சோதனை: குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் ஒரு வெற்றுக் கணினியையும் அந்த மூலநிரல் தொகுப்பையும் கொடுத்து, ஃபர்ம்வேரை உருவாக்கச் சொல்லித் தனியே உட்காரவைப்போம். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. வாங்கியவர் வீட்டில் அவருக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?

போன மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி. மதியம் வரை பிழைச் செய்தியாக வந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு எழுந்து என் மேசைக்கு வந்தார். "அண்ணா, கேட்கக் கூடாது என்றீர்கள். நான் கேட்கவில்லை, சொல்ல மட்டும் வந்தேன். இந்த ஸ்கிரிப்டின் பன்னிரண்டாம் வரி உங்கள் மடிக்கணினியில் இருக்கும் ஒரு கோப்புறையைத் தேடுகிறது." எழுதியவன் நான்தான். வெளியீட்டை ஒரு நாள் தள்ளிவைத்து, அந்த வரியைத் திருத்தி, மறுநாள் காலை அவரையே மீண்டும் உட்காரவைத்தேன்.